மகள் கதை எழுதும் நோட்டைப் பூட்டி வைக்கலாமா?

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, கணவருக்குச் சொந்தமாக மளிகைக் கடை. ஒரே மகள். 13 வயது, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான்கு வயதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அம்மா வழித் தாத்தா தினமும் இரவில் கதை வாசித்துக் காட்டியிருக்கிறார். வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த பழைய அம்புலிமாமா இதழ்கள், அப்புறம் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அவளே தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். தாத்தா ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார். சில மாதம் புத்தகத்தையே தொடாமல் இருந்தவள், ஒரு நாள் லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கித் தரச் சொல்லி எழுத உட்கார்ந்தாள். இப்போது ஐந்து நோட்டுகள் நிறைந்துவிட்டன.

அரையாண்டுத் தேர்வில் கணக்கு மதிப்பெண் 81இலிருந்து 52க்கு இறங்கியதும், "எல்லாம் இந்தக் கதைப் பைத்தியத்தால் வந்தது" என்று அவளுடைய அப்பா ஐந்து நோட்டுகளையும் எடுத்துக் கடை பீரோவில் பூட்டிவிட்டார். அதற்குச் சில வாரம் முன்புதான், அவள் எழுதிய ஒரு கதையைத் தமிழாசிரியை பார்த்து, "இது புத்தகத்துல இருந்து காப்பி அடிச்சது" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அன்று முதல் அவள் யாரிடமும் எதையும் காட்டுவதில்லை. நோட்டுகள் வீட்டில் இருந்தபோது, அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் அம்மா எடுத்துப் படித்திருக்கிறார். ஒரு கதையில் ஒரு சிறுமி யாருக்கும் தெரியாமல் காணாமல் போய்விடுகிறாள். படித்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

இதற்கு நடுவே, 'இளம் எழுத்தாளர்' திட்டம் என்று வாட்ஸப்பில் ஒரு பதிப்பகம் வந்திருக்கிறது. 45,000 ரூபாய் கட்டினால் நூறு பிரதிகள், ஒரு விருதுச் சான்றிதழ், மேடையில் வெளியீடு. நோட்டைப் பூட்டிய அப்பா இதற்கு மட்டும் தயார். "எழுதுறதுன்னா நாலு பேருக்குத் தெரியுற மாதிரி எழுதட்டும்" என்கிறாராம். கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், மகள் ஒரு செயலியில் வேறு பெயரில் கதை போடுகிறாள் என்றும், யாரோ ஓர் 'அண்ணா' விடாமல் பாராட்டி எழுதுகிறார் என்றும், அதில் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றும் இருக்கிறது.

தாயின் கேள்வி இதுதான்: "சின்ன வயதில் வாசிப்பைப் பழக்கி நாங்களே தப்புப் பண்ணிவிட்டோமா? எழுத விடுவதா, நிறுத்துவதா? புத்தகம் போடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்த இரண்டு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

முதலில் அந்த 'அண்ணா'

அவர் நல்லவராகவே இருக்கலாம். கதை பிடித்துப்போய்ப் பாராட்டுகிற வாசகராகவே இருக்கலாம். ஆனால் அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வகுப்பில் அவமானப்பட்டு, வீட்டில் நோட்டும் பறிபோன 13 வயதுப் பெண்ணுக்கு "நல்லா எழுதுற" என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் முகம்கூடத் தெரியாது என்றால் அது ஆபத்தான நிலை. குழந்தைகளைக் குறிவைப்பவர்கள் இந்தத் தனிமையைத்தான் தேடுகிறார்கள். கொஞ்ச நாள் பாராட்டு மட்டும் வரும். அப்புறம் தனிச் செய்தி, போன் நம்பர், போட்டோ, "வீட்ல சொல்லாத" என்று போகும்.

இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். போனைப் பிடுங்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். "உன் கதையை ஒருத்தர் விரும்பிப் படிக்கிறாருன்னு கேள்விப்பட்டேன், எனக்கும் காட்டுறியா?" என்று ஆரம்பிக்கலாம். நம்பர், போட்டோ, பள்ளியின் பெயர் எதையாவது அவர் கேட்டிருக்கிறாரா, ரகசியமாக வைக்கச் சொன்னாரா என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அவரைத் தடை செய்யுங்கள். பிறகு 1098க்குப் பேசுங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம். குழந்தையிடம் ஆபாசமாகப் பேசுவதும், அப்படிப்பட்ட படம் கேட்பதும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். செல்போனில் நடந்தாலும் குற்றம்தான். அவள்மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றும் கேட்டிருக்கவில்லை என்றாலும், தனிச் செய்தி வரும் வழியை மூடிவிடுங்கள். அந்தச் செயலியில் அவள் வைத்திருக்கும் கணக்கு உங்களுக்குத் தெரிந்து நடக்கட்டும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர் அவளுடைய கதையைப் படிக்கிறார். வீட்டில் இப்போது அதைப் படிக்க ஆளில்லை.

வாசிப்பு எழுத்தாக மாறும் இடம்

உங்கள் அப்பா வாசித்துக் காட்டியதால்தான் எழுத்துப் பைத்தியம் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதிதான் சரி. நிறைய வாசிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் எழுத வருவதில்லை. நல்ல வாசகர்களாகவே வளர்கிறார்கள், அது அவர்களுக்குப் போதுமானது. அதனால் "வாசித்தால் எழுத்தாளர் ஆகிவிடுவாள்" என்ற ஆசையும் வேண்டாம், "வாசித்ததால் கெட்டாள்" என்ற வருத்தமும் வேண்டாம்.

வாசிப்பு அவளுக்கு ஒரு காதைக் கொடுத்திருக்கிறது. நம் மொழியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "புறப்பட்டுச் சென்றான்" என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. பல குழந்தைகள் அந்தத் தமிழை முதன்முதலில் பாடப்புத்தகத்தில், மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய ஒன்றாகத்தான் சந்திக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் அவர்களுக்குக் கை நின்றுவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் மகளுக்கு அது நான்கு வயதிலேயே, தூங்கப் போகும் நேரத்தில், தாத்தாவின் குரலில் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு நீண்ட வாக்கியம் எங்கே மூச்சு வாங்கும், எங்கே முடியும் என்பது இலக்கணம் படிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் அப்பா அவளுக்கு விட்டுப்போன சொத்து என்றே நான் இதைச் சொல்வேன்.

ஆனால் காது மட்டும் ஒருவரை எழுத வைக்காது. உங்கள் கடிதத்தில் உள்ள வரிசையைப் பாருங்கள். தாத்தா போனார், வாசிப்பு நின்றது, பிறகு எழுத்து வந்தது. அவளுக்கு வாசிப்பு என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். சொல்பவர் இல்லாமல் போன பிறகு, சொல்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காத குழந்தையைப் பற்றி இதற்குமேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இழப்புக்குப் பிறகு நோட்டும் பேனாவும் எடுக்கும் குழந்தைகளை என் வேலையில் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களுக்கு அந்த நோட்டு பொழுதுபோக்கு கிடையாது.

காப்பியா?

வகுப்பில் 'காப்பி' என்று பெயர் வாங்கிய கதையின் நகலை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். அது ஏற்கெனவே பள்ளியில் காட்டப்பட்டது என்பதால் அதைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகப் பேசுகிறேன். பூட்டிய நோட்டுகளில் இருப்பதை இங்கே விரிக்க எனக்கு உரிமை இல்லை.

வாரிசு இல்லாத மன்னன் ஊர்க் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு விதை கொடுத்து, ஒரு வருஷம் கழித்துச் செடியோடு வரச் சொல்லும் கதை அது. எல்லாமே வேகவைத்த விதைகள். மற்றவர்கள் வேறு விதை போட்டு வளர்த்த செடிகளோடு வர, காலித் தொட்டியோடு வருகிற பிள்ளைக்கு நேர்மைக்காக அரியணை கிடைக்கும். பல நாடுகளில் பல வடிவத்தில் சொல்லப்படுகிற பழைய கதை. உங்கள் மகளின் முதல் இரண்டு பக்கங்கள் அதையேதான் பின்பற்றுகின்றன. நடையும் பழைய சிறுவர் பத்திரிகை நடைதான். ஆசிரியை அந்த இரண்டு பக்கத்தோடு நிறுத்தியிருப்பார் என்று ஊகிக்கிறேன். நாற்பது நோட்டு திருத்துகிறவர்மேல் இதற்காக எனக்குக் கோபமில்லை. எல்லார் முன்னாலும் சொன்னதில்தான் வருத்தம்.

மூன்றாம் பக்கத்தில் காலித் தொட்டியோடு வந்து நிற்பவள் ஒரு சிறுமி. மன்னன் மனமுருகி அரியணையைத் தருகிறேன் என்கிறான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "வெந்த வெதைன்னு தெரிஞ்சுதான குடுத்தீக? ஒரு வருசமா தெனமும் தண்ணி ஊத்துனேனே, அது ஒங்களுக்கு வெளையாட்டா?" என்று கேட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். கதை அங்கே முடிகிறது.

இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது, சகோதரி. மூலக்கதையில் மன்னனிடம் கேள்வி கேட்பவர் யாருமில்லை. அவன் நல்லவன், சோதித்தான், நேர்மையானவனைக் கண்டுபிடித்தான், அவ்வளவுதான். உங்கள் மகள் அந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறாள், ஏதோ ஓர் இடத்தில் அவளுக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய கைகளின் பக்கம் போய் நின்றுவிட்டாள். அதுவரை 'அந்நாட்டு மன்னன்' என்று புத்தகத் தமிழில் போன கதையில், கோபம் வந்ததும் உங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? வாசித்த தமிழையும் பேசுகிற தமிழையும் எங்கே சேர்ப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வாசகி எழுத்தாளராக மாறத் தொடங்கும் இடம் அந்த மூன்றாம் பக்கம்தான்.

உங்கள் அப்பா படுக்கையில் கிடந்த அந்த ஒரு வருஷத்தை நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அதை அவளிடம் கேட்டுவிடாதீர்கள். "இது தாத்தாவைப் பத்தியா?" என்று கேட்டால் அடுத்த கதையில் அவள் ஜாக்கிரதையாகிவிடுவாள்.

எழுத ஆரம்பிக்கும் எல்லாரும் தாங்கள் வாசித்ததைப் போலத்தான் எழுதுகிறார்கள். பாட்டு கற்கும் பிள்ளை ஆசிரியர் பாடியதைத் திருப்பிப் பாடினால் காப்பி என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் ஹாவொர்த் என்ற ஊரில் பிராண்ட்டி (Brontë) குடும்பத்துக் குழந்தைகள் செய்ததும் இதுதான். தாயையும், பிறகு இரண்டு அக்காக்களையும் இழந்த வீடு. 1826இல் தந்தை மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். நான்கு குழந்தைகளும் சிப்பாய்களுக்குப் பெயர் வைத்து, நாடு அமைத்து, கதை கட்டினார்கள். அப்புறம் அந்தச் சிப்பாய்கள் படிப்பதற்கென்று உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் பத்திரிகைகள் எழுதினார்கள். வீட்டில் எல்லாரும் வாசித்த 'பிளாக்வுட்ஸ்' என்ற பத்திரிகையை அப்படியே பார்த்து, அச்செழுத்து போலவே பொடிப்பொடியாக எழுதி, விளம்பரம்கூடப் போட்டார்கள். சர்க்கரை கட்டி வந்த தாளை அட்டையாக வைத்துத் தைத்தார்கள். அந்த வேலை மும்முரமாக நடந்த நாட்களில் மூத்தவள் சார்லட்டுக்கு வயது 13. பின்னாளில் மூன்று சகோதரிகளும் பெரிய நாவலாசிரியர்கள் ஆனார்கள். உங்கள் மகளும் அப்படி ஆவாள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் குட்டிப் புத்தகங்களை ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்து "இது பிளாக்வுட்ஸ் காப்பி" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் அவளுக்குப் பக்குவமாகச் சொல்லிக் கொடுங்கள். நோட்டில் யாரைப் போலவும் எழுதிப் பழகலாம். வெளியே அனுப்பும்போது, இன்னொருவருடைய வரிகளைத் தன் பெயரில் போடக் கூடாது. பழைய கதையைத் திருப்பிச் சொன்னால் "கேட்ட கதையை மாற்றி எழுதியது" என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். 13 வயதில் இது புரியும். ஆசிரியையையும் ஒரு தடவை தனியாகப் போய்ப் பாருங்கள். புகாராகச் சொல்லாமல், மூன்றாம் பக்கத்தை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வகுப்பில் ஒரு நல்ல வார்த்தை சொன்னால், நீங்களும் நானும் சொல்வதைவிட அது பெரிதாக வேலை செய்யும்.

உங்களைப் பயமுறுத்திய கதை

கதையில் ஒரு சிறுமி காணாமல் போகிறாள் என்பதால் எழுதியவளுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த வயதில் கதைகளில் சாவு, தொலைந்துபோவது, பேய், பழிவாங்கல் எல்லாம் நிறையவே வரும். அவள் கேட்டு வளர்ந்த கதைகளிலும் ராட்சசர்களும் சாபங்களும்தானே இருந்தன? பெரிய பயத்தைக் கதைக்குள் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஆரோக்கியமான வழிதான்.

ஆனால் கதைக்கு வெளியே பாருங்கள். சாப்பாடும் தூக்கமும் மாறியிருக்கிறதா? நெருங்கிய தோழிகளிடமிருந்து விலகிவிட்டாளா? ஆசையாக வைத்திருந்த பொருள்களை யாருக்காவது கொடுக்கிறாளா? கையில் கீறல் தெரிகிறதா? "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி" என்பதுபோலத் தன் வாயால் சொல்கிறாளா? இதில் ஏதாவது இருந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பல பெற்றோர்கள் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை. மனதில் இருந்தால் சொல்ல வழி கிடைக்கும். அவள் ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், உடனே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நோட்டை நீங்கள் ரகசியமாகப் படித்ததைப் பற்றி. பயந்த தாய் செய்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். "ஒன்னைக் கேக்காமப் படிச்சுட்டேன், தப்புதான். இனிமே நீ குடுத்தாத்தான் படிப்பேன்." அவள் கோபப்படுவாள், இரண்டு மூன்று நாள் பேசாமல்கூட இருப்பாள். தானாகக் கண்டுபிடித்தால் வரும் கோபத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

நோட்டும் கணக்கும்

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தில் அவர் கொஞ்சம் கொடுமைக்காரர் போலத் தெரிகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடன் வாங்கிக் கடை போட்டவர், மகளாவது மாதச் சம்பளத்தில் உட்காரட்டும் என்று நினைப்பதில் தவறு இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கணக்கில் மார்க் குறைந்ததற்கும் நோட்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. ஏழாம் வகுப்புவரை நன்றாகப் போட்ட பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கனமாகும்போது சறுக்குவது சகஜம். விடைத்தாளை வாங்கி, எந்தப் பாடத்தில் மார்க் போயிருக்கிறது என்று கணக்கு ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரே பாடத்தில் போயிருந்தால் அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தால் கவனம் சிதறியிருக்கிறது. அதற்குக் காரணம் வகுப்பில் நடந்ததாகவும் இருக்கலாம்.

நோட்டுகள் ஐந்தும் நிபந்தனை இல்லாமல் அவளிடம் திரும்பிப் போக வேண்டும். "80 எடு, நோட்டு தர்றேன்" என்ற பேரம் வேண்டாம். அப்படிச் செய்தால் கணக்கு அவளுக்கு எதிரியாகிவிடும். பீரோவைத் திறந்து அப்பாவே தன் கையால் கொடுக்கட்டும், பேச்சு ஒன்றும் வேண்டியதில்லை. வீட்டுப்பாடம் முடித்த பிறகு எழுதலாம், இரவு பத்து மணிக்கு விளக்கு அணைய வேண்டும் என்று நேரம் வைப்பது நியாயமான கட்டுப்பாடு. அதை அவளும் ஒப்புக்கொள்வாள். எழுத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்ற அவருடைய கேள்விக்கு எட்டாம் வகுப்பில் பதில் தேவையில்லை. வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் தமிழில் நிறையப் பேர்.

45,000 ரூபாய் யோசனை

என் பதில் வேண்டாம் என்பதுதான். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தப் படிவத்தைச் சட்டம் தெரிந்தவரோடு சேர்ந்து படித்தேன். கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

கதையின் உரிமை யாருக்கு: எழுதியவளுக்குத்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியருக்கு வயது வரம்பு இல்லை. எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும், பதிவு செய்தால்தான் உண்டு என்பது தவறு. அவள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ அது சொந்தமில்லை. அவள் சார்பாகப் பாதுகாக்கிற பொறுப்பு மட்டும் உங்களுடையது.

கையெழுத்து: 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று இருக்கிறது. காலத்தைக் குறிப்பிடாத உரிமை மாற்றத்தைச் சட்டம் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். இவர்கள் கவனமாக 'நிரந்தரமாக' என்று சேர்த்திருக்கிறார்கள். உங்கள் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கதையையும் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்) கட்டணம்: 6,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது.

இதைவிட எனக்குக் கவலை வேறு. புத்தகம் வந்து, மேடை ஏறி, சான்றிதழ் வாங்கிய பிறகு அவள் எழுதப்போகும் அடுத்த கதை யாருக்காக இருக்கும்? இப்போது மன்னனையே கேள்வி கேட்கிறாள். மேடைக்காக எழுத ஆரம்பித்தால், கைதட்டல் வாங்கும் முடிவைத் தேட ஆரம்பிப்பாள். காசு கொடுத்து வாங்கிய விருது என்று ஒரு நாள் அவளுக்கே தெரியவரும்போது, நிஜமாகவே நன்றாக எழுதியதையும் சேர்த்துச் சந்தேகப்படுவாள். இப்படி நொந்து என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. எழுதுவதை அவர்கள் விட்டுவிட்டார்கள் என்பதுதான் இதில் வேதனை.

வெளியே காட்ட வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டால் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறை 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக நடத்தும் 'தேன்சிட்டு' இதழ் அவள் பள்ளிக்கே வருகிறது. மாணவர்களின் படைப்புகளும் அதில் வரும், தமிழாசிரியை மூலமாகவே அனுப்பலாம். திரும்பி வந்தாலும் பரவாயில்லை, நிராகரிப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்துபோகும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இனி வீட்டில்

தாத்தா போன பிறகு நூலகத்துக்குப் போவது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் தொடங்குங்கள். எழுதுகிற பிள்ளை வாசிப்பதை நிறுத்தினால், சில மாதத்தில் அதே நான்கு கதைகளைச் சுற்றிச் சுற்றி எழுத ஆரம்பித்துவிடும். நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே அந்த நூலகம் உங்களுடையதும்தான். சனிக்கிழமை மாலை அவளை அழைத்துப் போய், அவளே எடுக்க விடுங்கள். காமிக்ஸ் எடுத்தால் எடுக்கட்டும். வயதுக்கு மீறிய கனமான புத்தகம் எடுத்து, பத்துப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். "அறிவை வளர்க்கிற மாதிரி எடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அவள் கதையைக் காட்டினால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், 'சூப்பர்' என்று தட்டிக்கொடுத்து நகரவும் வேண்டாம். கதையைப் பற்றி நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தத் தொட்டியை வீட்டுக்குக் கொண்டு போனாளே, அப்புறம் என்ன பண்ணினா?" இது போதும். பதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அடுத்த வாரம் நான்காம் பக்கமாக எழுதிக்கொண்டும் வரலாம்.

உங்கள் கணவருக்கு நேரமிருந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். கடை மூடிவிட்டு வந்த பிறகு கால் மணி நேரம், அவள் ஏதாவது புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அவளுடைய கதையாக இருக்க வேண்டியதில்லை, செய்தித்தாளாக இருந்தாலும் சரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும். இந்தப் பழக்கம் அவளுக்கு முன்பு இருந்தது, கேட்க ஆளில்லாததால்தான் விட்டுப்போனது.

செயலி விஷயம் என்ன ஆயிற்று என்று மட்டும் இந்த வாரமே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்